தூக்குக்குண்டும் ஏர்க்காலும்: ட்ரையத்லான் சைக்கிளுக்குப் பிரேம் அளவு பார்ப்பது

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வள்ளியூரிலிருந்து ஒரு விளம்பரப் படத்தை அனுப்பினான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருகிற ட்ரையத்லான் போட்டிக்கான சைக்கிள், கறுப்பு நிறம், கார்பன் பிரேம், முழங்கை ஊன்றிக் குனிந்து பிடிக்க முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு கம்பிகளான ஏரோபார் எல்லாம் இருக்கிறது, விலையும் மோசமில்லை. கீழே ஒரே வரி: "டீச்சர், நான் 5 அடி 7 அங்குலம். இது 54 சைஸ். எடுத்துரட்டா?"

நான் திருப்பி அனுப்பியது: "ஒங்க தெருவுல கொத்தனார் யாரும் இருக்காங்களா?"

கிண்டல் என்று நினைத்திருப்பான். நிஜமாகத்தான் கேட்டேன். அதன்பிறகு ஒரு வாரம் அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். அவனுக்கு முன்னால் நாலு பேர் இதே கேள்வியைக் கேட்டாயிற்று. அந்த நாலு பேருக்கும் முன்னால் நானே ஒன்றைத் தப்பாக வாங்கி நன்றாக அனுபவித்தாயிற்று.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. உயரம் 157 செ.மீ. அப்பா கொத்தனார். அவர் போன பிறகு அவருடைய சாமான் பையிலிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டவை மூன்று: தூக்குக்குண்டு, ரசமட்டம், தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூப். சைக்கிள் அளவெடுக்கத்தான் இவை உதவப்போகின்றன என்று அப்போது தெரியாது.

54 என்றால் என்ன?

சின்ன வயதில் எங்கள் தெருவில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுப்போம். அரை வண்டி, முக்கால் வண்டி, பெரிய வண்டி. அரை வண்டி கிடைக்காத நாளில் பெரிய பார் வண்டியின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். பிரேம் அளவு பொருந்தாவிட்டால் மனுஷ உடம்பு எப்படியெல்லாம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பெரிய வண்டிகளை 22 இன்ச், 24 இன்ச் என்பார்கள். சீட்டைத் தாங்குகிற குழாயின் நீளம் அது. அந்தக் காலத்தில் பிரேம்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருந்ததால் அந்த ஒரு அளவே போதுமானதாக இருந்தது.

இப்போது 48, 51, 54, 56 என்று எழுதுகிறார்களே, அது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். சென்டிமீட்டர் மாதிரி தெரியும். ஆனால் பல வண்டிகளில் 54 என்று எழுதியிருந்தால், எந்தக் குழாயை அளந்தாலும் 54 வராது. ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 52 ஆக இருக்கலாம். எஸ், எம், எல் என்று போடுகிறவர்கள் அந்தப் பாசாங்குகூடச் செய்வதில்லை, அதுவரைக்கும் நல்லது.

நான் வாங்கிய தப்பான வண்டியும் 54 தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒருவர் விற்றார். என் ரோடு சைக்கிள், அதாவது வளைந்த ஹேண்டில் வைத்த வழக்கமான பந்தய வண்டி, 48. "சீட்டை இறக்கினால் போதும், சரியாகிவிடும்" என்று போனில் சொன்னார். விலையில் மயங்கி நானும் நம்பினேன். சீட்டு என்னமோ இறங்கியது. கைதான் போய்ச் சேரவில்லை. முழங்கை வைக்கிற பேடை எட்டுவதற்காகச் சீட்டின் மூக்கு நுனிக்கு வழுக்கி வந்து உட்கார வேண்டியிருந்தது. நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். வலது கை சுண்டுவிரல் மரத்துப் போகும். நான் ஹேண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மை மாற்றிப் பார்த்தேன், சீட்டை மாற்றிப் பார்த்தேன், யோகாகூடச் செய்து பார்த்தேன்.

கடைசியில் வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அந்த மாதிரி வண்டியை அதுவரை தொட்டதில்லை. இரண்டு ஏரோபாரையும் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன டீச்சர், ஏர்க்கால் வச்சமாதிரில்லா இருக்கு. மாடு எங்க?" அப்புறம் என்னை ஏறி உட்காரச் சொல்லி, சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "சீட்டுல ஒண்ணுமில்ல. முன்பக்கம் ஒங்களுக்கு நாலு விரக்கடை தள்ளி இருக்கு. இது ஒங்களுக்கு உள்ள வண்டி இல்ல" என்றார். பிறகு நான் முறையாக அளந்தபோது 5 செ.மீ. கூடுதல் என்று வந்தது. பெங்களூர்க்காரர் பார்க்காததை அண்ணாச்சி ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் ஏரோபாருக்கு ஏர்க்கால் என்றே பேர் விழுந்துவிட்டது. நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

இந்த வண்டிக்கு மட்டும் ஏன் தனி அளவு

ரோடு சைக்கிளில் சீட் குழாய் தரையோடு 72 முதல் 74 டிகிரி வரை சாய்ந்து நிற்கும். ட்ரையத்லான் வண்டியில் அது நிமிர்ந்து 76, 78, சிலவற்றில் 80 டிகிரி வரை வரும். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் டான் எம்ஃபீல்ட் என்பவர் இந்த நிமிர்ந்த குழாயோடு ட்ரையத்லானுக்கென்றே வண்டி செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்குப் பிரேம் அளவைச் சொல்ல எல்லாரும் பயன்படுத்துகிற ஸ்டேக் (உயரம்), ரீச் (முன்பக்க நீட்டம்) என்ற இரண்டு அளவுகளைப் பரப்பியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணம் இதுதான். ஏர்க்காலில் முழங்கை ஊன்றிக் குனிந்தால் நெஞ்சு தொடையை நோக்கி இறங்குகிறது. ரோடு சைக்கிள் சீட்டிலேயே உட்கார்ந்து அப்படிக் குனிந்தால் பெடல் மேலே வரும்போதெல்லாம் தொடை வயிற்றில் இடிக்கும், இடுப்பு மடங்கி மூச்சு முட்டும். அதற்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் ஆளை அப்படியே, இடுப்பு மடிப்பை மாற்றாமல், பெடல் சுற்றும் அச்சை மையமாக வைத்து முன்பக்கம் உருட்டிவிட்டால்? முதுகு தாழும், இடுப்பு மடியாது. சீட் முன்னால் வருவது இதற்காகத்தான். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும் என்பதால், இடுப்பு கசங்காமல் வருவது பெரிய விஷயம்.

ஆள் முன்னால் உருண்டதால் ரோடு சைக்கிளில் பார்த்த அளவு எதுவும் இங்கே செல்லாது. "என் ரோடு சைக்கிள் 52, அதனால் இதிலும் 52" என்று எடுக்கவே கூடாது. பிரேமின் மேல் குழாய்க்கு மேல் நின்று கவட்டுக்கு இடைவெளி பார்க்கும் பழைய வழக்கமும் இங்கே அதிகம் உதவாது. அது காலைப் பற்றிச் சொல்லும். தகராறு வருவது கையிடம்.

இடையில் ஒன்று. ஒலிம்பிக்கில் பார்க்கிற ட்ரையத்லானில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம், அதனால் அவர்கள் ஓட்டுவது ரோடு சைக்கிள்தான். நம்மைப் போன்றவர்கள் போகிற, மூன்று பகுதியும் சேர்ந்து 70.3 மைல் வருகிற 70.3 மாதிரிப் போட்டிகளில் அப்படி ஒட்டிப் போகக் கூடாது. சைக்கிளில் போகிற 90 கிலோமீட்டரும் காற்றைத் தனியாகக் கிழிக்க வேண்டும். ட்ரையத்லான் வண்டிக்கு அங்கேதான் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, சைக்கிள் தூரம் 20 கிலோமீட்டரே வருகிற ஸ்பிரின்ட் என்ற சின்னப் போட்டிக்கு மட்டும் போகிறவர் ரோடு சைக்கிளில் ஒரு ஜோடி ஏர்க்கால் மாட்டிக்கொண்டு பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் உட்காரும் இடம்

கவட்டு உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களுக்கிடையே ஒரு சாண் விட்டு நிற்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டில் இறுக்கமாக ஏற்றிப் பிடியுங்கள், சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. இந்த இடத்தில் கூச்சப்பட்டுத் தளர்வாகப் பிடித்தால் கணக்கு முழுக்கக் கோணும். புத்தகத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று இன்னொருவர் பார்த்து, சுவரில் பென்சிலால் கோடு போட வேண்டும். மூன்று தடவை அளந்து நடுவில் வருவதை எடுங்கள்.

அதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் (இனி அச்சு என்று மட்டும் சொன்னால் இதுதான்) மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாக வரும். எனக்குக் கவட்டு 72, சீட் 63.6 செ.மீ. இந்தக் கணக்கு கிரெக் லெமாண்ட் பெயரோடு பிரபலமானது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சிரில் கிமார் என்ற பிரெஞ்சுக்காரர். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் ட்ரையத்லான்காரர்களின் ஏர்க்காலை மாட்டிக்கொண்டு போய் 8 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தாரே, அதே லெமாண்ட். நம் விஷயத்தில் இரண்டு பக்கமும் அவர் இருக்கிறார்.

ஆனால் 0.883 ஒரு தொடக்கம் மட்டும்தான். ஷூவின் தடிமன், பெடலைத் தாங்குகிற கையான கிராங்கின் நீளம், சீட்டின் மெத்தை எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆட்டிவிடும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரி. பக்கவாட்டில் போனில் வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். சீட் உயரம் எந்தப் பிரேமிலும் எப்படியாவது கிடைத்துவிடும் என்பதால் இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

பிறகு முழங்கை வைக்கும் இடம்

பிரேம் அளவை முடிவு செய்வது இதுதான். உங்கள் முழங்கை எங்கே ஊன்ற விரும்புகிறது என்று வண்டி வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் வாங்குவது, தோள் அளவு சொல்லாமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

சென்னை, பெங்களூரில் காசு கொடுத்தால் எல்லாப் பக்கமும் நகர்த்தக்கூடிய வண்டியில் உட்காரவைத்து அளந்து தருவார்கள். முடிந்தவர்கள் போய் வாருங்கள், நல்ல செலவுதான். போக முடியாதவர்களுக்கு நான் எங்கள் வீட்டுத் தார்சாவில் செய்ததைச் சொல்கிறேன்.

பழைய ரோடு சைக்கிள் ஒன்று, வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் ட்ரெய்னர் இரவலாகவாவது ஒன்று, மாட்டிக் கழற்றக்கூடிய மலிவான ஏர்க்கால் ஒன்று. சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். முன்பக்கம் மடங்கிய சீட் போஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. சீட் மூக்கு நுனியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் கயிறு அச்சின் மையத்துக்குப் பக்கத்தில், 2 செ.மீ. முன்னே பின்னே, வந்து விழ வேண்டும். முன்னால் நகர்த்தினால் கால் கிட்டே வந்துவிடும், அதற்கேற்பச் சீட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இனி வண்டியை மட்டம் பார்க்க வேண்டும். ட்ரெய்னர் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். அந்தச் சரிவோடு அளந்தால் எல்லா எண்ணும் பொய். டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைப் பின்சக்கர அச்சருகிலும் மறுமுனையை முன்சக்கர அச்சருகிலும் பிடியுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் அந்தச் சக்கர அச்சின் மையத்தில் நிற்கும்வரை முன்சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ஏற்றுங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. இருந்தால் மட்டம் ஏமாற்றும். இதற்காக அப்பா சுவர் எழுப்பும்போது என்னிடம் டியூபைக் கொடுத்து, விரலால் தட்டித் தட்டிக் குமிழை ஓட்டச் சொல்வார். எனக்கு அப்போது எட்டு வயது.

மட்டம் ஆயிற்றா, ஏறி உட்காருங்கள். இருபது முப்பது நிமிஷம், வியர்க்க வியர்க்க ஓட்டுங்கள். இரண்டு நிமிஷத்தில் எல்லா நிலையும் சுகமாகத்தான் இருக்கும். பேடை ஏற்றி, இறக்கி, முன்னால், பின்னால் என்று மாற்றிக்கொண்டே பாருங்கள். என் மகள் ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து வீடியோ எடுத்தாள். பார்க்க வேண்டியது: மேல்கை தோளிலிருந்து தொங்குவதுபோல, கிட்டத்தட்ட நேராக, கொஞ்சம் முன்சாய்வாக இறங்குகிறதா. மேல்கையும் விலாவும் சேருமிடம் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா. தோள்கள் காதைத் தொடாமல் தளர்ந்திருக்கின்றனவா. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் இருபது மீட்டர் தூரம் தெரிகிறதா. பல்லைக் கடிக்காமல் பேச முடிகிறதா.

பேடை மிகவும் தாழ்த்துவதில் ஒரு வீம்பு இருக்கிறது, அதுவும் பையன்களுக்கு. தொழில்முறை வீரர்களின் படத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். 90 கிலோமீட்டரில் பாதித் தூரம் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிற தாழ்ந்த நிலையைவிட, முழுத் தூரமும் கிடந்து வரக்கூடிய 3 செ.மீ. உயர்ந்த நிலை வேகமானது. அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நிலை கிடைத்ததும் இரண்டு அளவு. பேடின் மேற்பரப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், அச்சின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது பேட் ஸ்டேக். எனக்கு 83 கழித்தல் 27, அதாவது 56 செ.மீ. அடுத்து, பேடின் பின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை அச்சு உயரம் வரை தொங்கவிட்டு, அச்சின் மையத்திலிருந்து கயிறு வரை படுக்கையாக அளந்தால் பேட் ரீச். எனக்கு 39. குண்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள். ஃபேனை நிறுத்திவிட்டு அது தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.

இந்த இரண்டு எண்ணும்தான் உங்கள் சைஸ். சீட் உயரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணோடு வண்டி தேடுவது

பெரும்பாலான கம்பெனிகள் பிரேமின் அளவு வரைபடத்தை வெளியிடுகின்றன. அதில் ஸ்டேக் என்பது அச்சின் மையத்திலிருந்து, ஃபோர்க் நுழைகிற முன்குழாயான ஹெட் டியூபின் மேல் முனை வரை செங்குத்து உயரம். ரீச் என்பது அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையே படுக்கைத் தூரம். பல ட்ரையத்லான் வண்டிகளுக்குப் பேட் எதிலிருந்து எதுவரை நகரும் என்றும் தனி அட்டவணை இருக்கும். அந்த அட்டவணை கிடைத்தால் வேலை சுலபம்: உங்கள் இரண்டு எண்ணும் அதற்குள், நடுவாக்கில் விழுகிற சைஸ் எதுவோ அதுதான். ஓரத்தில் விழுந்தால் யோசியுங்கள். உடம்பு அடுத்த வருஷம் மாறும், இளகும், அல்லது என் வயதில் இறுகும். இரண்டு பக்கமும் நகர இடம் வேண்டும்.

அட்டவணை இல்லாத பழைய வண்டி என்றால் கணக்குப் போட வேண்டும். ஹேண்டிலும் பேடும் அதன் தாங்கியும் சேர்ந்தே 5 செ.மீ. போல உயரம் தின்றுவிடும். நான் இப்போது ஓட்டுகிற பிரேமின் ஸ்டேக் 48, ரீச் 38. எனக்கு வேண்டிய பேட் ஸ்டேக் 56. இடையில் 8 இருக்கிறது, 5 போக மீதி 3 செ.மீ.க்கு ஸ்பேசர், அதாவது உயர்த்தி வைக்கும் துண்டு, போட்டிருக்கிறேன். ஸ்பேசர் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஹெட் டியூப் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஸ்டெம்முக்குக் கீழே 1 செ.மீ. ஏற்றினால் ரீச் 3 மி.மீ. குறையும். என் பழைய 54இன் ஸ்டேக் 52, ரீச் 42. அதில் பேடை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் 44க்குக் குறையவில்லை. எனக்கு வேண்டியது 39. எந்த யோகாவும் அந்த 5 செ.மீ.யைத் தராது.

இரண்டு சைஸுக்கும் நடுவில் விழுகிறவர்கள் என்ன செய்வது? பெரிய பிரேமைச் சுருக்குவது கஷ்டம், சின்ன பிரேமை நீட்டுவது சுலபம் என்பார்கள். பாதி உண்மை. சின்ன பிரேமில் நீள ஸ்டெம், மேலே ஸ்பேசர் கோபுரம் என்று வைத்தால் உடம்பின் பாரம் முழுக்க முன்சக்கரத்துக்கு மேல் போய்விடும். அந்த வண்டியை ஆனி ஆடியில் பணகுடி தாண்டி ஓட்டிப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, தெற்கே போகிற நம்மை வலது பக்கத்திலிருந்து அறையும். ரோட்டோரக் காற்றாடிகள் எல்லாம் சும்மா அங்கே நடப்பட்டவை அல்ல. முன்பாரமான வண்டியில் ஏர்க்காலில் கிடந்தபடி அந்தக் காற்றை வாங்கினால் வண்டி ஒரு முழம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். அதனால் நான் சொல்வது: ரீச் சரியாக விழுகிற சைஸை எடுங்கள், உயரக் குறையை 4 செ.மீ. வரை ஸ்பேசரில் சமாளியுங்கள். அதற்கு மேல் ஸ்பேசர் கேட்டால் அந்த மாடலே உங்களுக்கானது இல்லை, வேறு மாடல் பாருங்கள். சில மாடல்கள் நீண்டு தாழ்ந்தவை, சில குட்டையாக உயர்ந்தவை.

என்னைப் போலக் குட்டையானவர்களுக்கு இன்னொரு சிக்கல். வழக்கமான 700சி அளவுச் சக்கரத்தைச் சின்ன பிரேமில் வைத்தால், மெதுவாகத் திருப்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். வேகத்தில் இடிக்காது, யூ திருப்பத்தில் இடிக்கும். பழகிக்கொள்ளலாம். இதற்காகவே சில பழைய சின்ன வண்டிகள் அதைவிடச் சின்ன 650சி சக்கரத்தோடு வரும். கணக்குக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அதன் டயர் நம் பக்கத்துக் கடைகளில் கேட்டால் அண்ணாச்சிமார் முகத்தைப் பார்ப்பார்கள். மூன்று டயர் வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் பிறகு அந்த வண்டியை வாங்குங்கள்.

பிரேமை மாற்றாமல் கொஞ்சம் மூச்சு வாங்க ஒரு வழி கிராங்க். பழைய வண்டிகளில் 170, 172.5 மி.மீ. இருக்கும். அதை 160க்கு மாற்றினால், 172.5லிருந்து 12.5 மி.மீ. குறைகிறது. சீட்டை அதே 12.5 ஏற்றுவோம். ஆக, பெடல் உச்சிக்கு வரும்போது இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவே 25 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். தொடை வயிற்றில் இடிக்கிறது என்பவர்கள் பேடை ஏற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். நான் 155 ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் பொம்மைச் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருந்தது, இரண்டு வாரத்தில் மறந்துபோயிற்று.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

நம் பக்கத்தில் பெரும்பாலும் பழைய வண்டிதான் வாங்குவோம், பார்சலில்தான் வரும். பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் டேப்பை வைத்து எடுத்த படங்கள் கேளுங்கள். சீட் போஸ்டை வெட்டியிருக்கிறாரா? ஹெட் டியூபுக்குள் ஏறுகிற ஃபோர்க்கின் ஸ்டீயரர் குழாயை வெட்டியிருக்கிறாரா? வெட்டிவிட்டால் மேலே ஸ்பேசர் போட வழியில்லை, அதை ஒட்டவும் முடியாது. ஏர்க்காலும் ஹேண்டிலும் ஒரே உடம்பாக வருகிற வண்டி என்றால், பேடை ஏற்றி இறக்கும் துண்டுகளும் நீள போல்ட்டுகளும் கூட வருகின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் துண்டு ஒன்றுக்காக ஒரு சீசனையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

டைம் ட்ரயல் வண்டி (சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொருவராகத் தனியே நேரத்துக்கு ஓட்டுவதற்கானது) என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானம். சைக்கிள் பந்தயங்களை நடத்தும் யுசிஐ, சீட்டின் மூக்கு அச்சுக்கு 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தது. அதற்கேற்பச் செய்த சில வண்டிகளில் சீட் நாம் நினைக்கிற அளவு முன்னால் வராது. சீட் பிடிப்பைத் திருப்பிப் போட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்ததும் மறுபடியும் தார்சா, மறுபடியும் டியூப், குண்டு. எழுதி வைத்த எண்ணுக்கு எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் ரோடு. முதல் இரண்டு மூன்று ஓட்டம் சேரன்மகாதேவி பக்கம் போகிற மாதிரி அமைதியான சாலையில், காலை ஆறு மணிக்கு முன். சீட் மூக்குக்கு வழுக்கிக்கொண்டே இருந்தால் பேட் தூரம் அதிகம். பெடல் மிதிக்கும்போது முழங்கால் முழங்கையைத் தேடி வந்தால் பேட் கிட்டே இருக்கிறது. ஒரு தடவைக்கு 5 மி.மீ., அதுவும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்றுங்கள். எது மாறியதால் வலி போயிற்று என்று தெரிய வேண்டுமே.

வள்ளியூர்ப் பையன் கொத்தனாரைத் தேடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இங்கேயே வந்துவிட்டான். கவட்டு 81, சீட் 71.5, பேட் ஸ்டேக் 61.5, பேட் ரீச் 43. கால் நீளம், உடம்பு குட்டை. உயர அட்டவணையில் 5 அடி 7க்கு 54 என்று போட்டிருப்பது அவனுக்காக எழுதியது இல்லை. அந்தக் கறுப்பு வண்டியின் அட்டவணையைத் தேடி எடுத்தோம். பேட் ரீச் 45.5லிருந்துதான் ஆரம்பிக்கிறது. "ரெண்டரை சென்டிமீட்டர்தான டீச்சர்" என்றான். மச்சில் துணி போர்த்தி வைத்திருந்த என் பழைய 54ஐ இறக்கி, அதில் அரை மணி நேரம் உட்காரவைத்தேன். ஒன்றும் பேசாமல் தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான்.

நேற்று ராத்திரி இன்னொரு விளம்பரம் அனுப்பியிருக்கிறான். சிவப்பு, 51, திருவனந்தபுரத்தில் இருக்கிறதாம். பேட் ரீச் 42லிருந்து 48 வரை. ஸ்டீயரர் குழாயின் படத்தைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.